பேனிக் அட்டாக்: மாத்திரையா, பயிற்சியா, இரண்டுமா?

"பேனிக் அட்டாக்குக்கு டாக்டர் எசிடலோப்ராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாளாக அட்டையைப் பிரிக்காமல் மேசையில் வைத்திருக்கிறேன். ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாதாமே?" என்று கேட்கிறார் ஒருவர். இன்னொருவர் எதிர்க்கரையில் நிற்கிறார். ஆறு மாதமாக அல்பிரசோலாம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை பையில் இல்லாமல் அவரால் வெளியே கிளம்ப முடியவில்லை. ஆனால் அதை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. "சும்மா தூக்கத்துக்குத்தான்" என்கிறார். முதலாமவர் தேவைக்கு மேல் பயப்படுகிறார். இரண்டாமவர் பயப்பட வேண்டியதற்குப் பயப்படவில்லை.

நான் மருத்துவன் இல்லை. சில வருடங்கள் பேனிக் அட்டாக்கோடு குடித்தனம் நடத்தி, மாத்திரையும் சாப்பிட்டு, பயிற்சியும் எடுத்து வெளியே வந்தவன். யாருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது என் வேலை இல்லை. மருத்துவர் முன் போய் உட்காரும்போது என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் நம்மிடம் எதைக் கேட்கும் என்பது தெரிந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். அதற்காகத்தான் இது.

## தேர்வுக்கு முன்னால்

நெஞ்சுப் படபடப்பு, மூச்சு முட்டல், கைகால் மரத்துப்போவது, தலை கிறுகிறுப்பு, "இதோ செத்துவிடுவேன்" என்ற எண்ணம். பேனிக் அட்டாக் இப்படித்தான் வரும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், இதயத் துடிப்பின் தாளம் கெட்டாலும், ரத்தசோகை இருந்தாலும், சர்க்கரை சட்டென்று இறங்கினாலும் இதில் பாதி வரும். ஆஸ்துமா இன்ஹேலர், சில மூக்கடைப்பு மாத்திரைகள், ஸ்டீராய்டு ஆகியவையும் படபடப்பைக் கிளப்பும். ஆகவே முதல் முறை நெஞ்சு வலித்தால் "இது பேனிக்தான்" என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம், அவசரப் பிரிவுக்குப் போங்கள். இசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாவற்றையும் ஒரு முறை ஒழுங்காகப் பார்த்துவிடுங்கள்.

ஒரு முறை என்பதில் அழுத்தம் வைக்கிறேன். நான் ஒரே வருடத்தில் ஐந்து இசிஜி எடுத்தேன். ஐந்தும் சரியாகவே இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு நாளைக்கு நிம்மதி கொடுத்துவிட்டு, அடுத்ததற்கு என்னைத் தயார் செய்தது.

உங்களுக்கு இருப்பது எந்த வகை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திடீரென்று உச்சத்துக்குப் போய் இறங்கும் தாக்குதல் ஒன்று. நாள் முழுக்க ஏதோ ஒன்றைப் பற்றி ஓயாமல் கவலைப்படுவது வேறு. மேடையில் மட்டும் கை நடுங்குவது இன்னொன்று. ஒன்றுக்குக் கைகொடுக்கும் மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாமல் போகலாம்.

## எடைக்கற்கள்

எல்லோரும் முதலில் கேட்பது "எது சீக்கிரம் கேட்கும்?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. அதை மட்டும் வைத்து எடை போட்டால் மிகவும் ஆபத்தான தேர்வுதான் முதல் பரிசு வாங்கும். நான் முதலில் வைக்கும் கல் வேறு: *இதை நிறுத்திய பிறகு கையில் என்ன மிஞ்சும்?* எந்தச் சிகிச்சையும் ஒருநாள் நிற்கத்தான் போகிறது. நின்ற மறுமாதம் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதைத் தொடங்கும் நாளிலேயே கேட்க வேண்டும்.

அப்புறம், உடம்பு என்ன விலை கொடுக்கும்; நீங்கள் எவ்வளவு உழைக்க வேண்டும்; உங்கள் பதற்றம் அந்த உழைப்புக்கு இடம் கொடுக்கும் நிலையில் இருக்கிறதா. கடைசிக் கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். படுக்கையை விட்டு எழ முடியாதவரிடம் "தினமும் முக்கால் மணி நேரம் தியானம் செய்" என்பது சிகிச்சை ஆகாது.

## எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகள்

மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளின் மீது வேலை செய்யும் மாத்திரைக் குடும்பம் இது. எசிடலோப்ராம், செர்ட்ராலின், பராக்ஸெடின், ஃப்ளுவாக்ஸெடின் எல்லாம் இதில் அடக்கம். மனச்சோர்வுக்கான மாத்திரை என்று அட்டையில் பார்த்துவிட்டு "எனக்கு மனச்சோர்வு இல்லையே" என்று குழம்புகிறவர்கள் நிறைய. பேனிக்குக்கும் ஓயாத கவலைக்கும் மருந்து என்று வந்தால் முதலில் தருவது இதைத்தான். மனச்சோர்வுக்கான மருந்து பேனிக் தாக்குதலை அடக்கும் என்பது 1960களிலேயே தெரிந்துவிட்டது. டொனால்ட் க்ளைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இமிப்ரமின் என்ற பழைய மருந்தில் அதைக் கண்டார். பேனிக் ஒரு தனி நோயாக அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறியது 1980ல்தான்.

வேகம் குறைவு. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பேனிக்கில் முழுப் பலன் வர மூன்று மாதம்கூட ஆகலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் ஒன்றிரண்டு வாரம் படபடப்பு *கூடலாம்*. இது யாருக்கும் சொல்லப்படாமல் போனால் நடப்பது இதுதான்: நான்காம் நாள் "மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று குப்பையில் போட்டுவிட்டு, வாழ்நாள் முழுக்க அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இதனால்தான் பேனிக் உள்ளவர்களுக்கு வழக்கமான அளவில் பாதியில் தொடங்குவார்கள்: எசிடலோப்ராம் என்றால் 5 மில்லிகிராம், செர்ட்ராலின் என்றால் 25. முதல் நாளே முழு அளவு எழுதியிருந்தால் காரணம் கேளுங்கள்.

குமட்டல், தலைவலி, தூக்கம் மாறுவது எல்லாம் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். அடங்காமல் தொடரக்கூடியது பாலுறவில் வரும் சிக்கல்: ஆர்வம் குறையும், உச்சம் தள்ளிப்போகும். மருத்துவரும் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை, நாமும் வெட்கப்பட்டுக் கேட்பதில்லை. பலர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைக் கைவிடுவது இதனால்தான். சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அட்டையிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கிறது. அந்த வயதில் தொடங்கினால் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். அப்படி எண்ணம் வந்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள் அல்லது அவசரப் பிரிவுக்குப் போங்கள். அடுத்து, எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், பேச்சும் வேகமும் கட்டுக்கடங்காமல் பல நாட்கள் இருந்த அனுபவம் உண்டென்றால் மாத்திரை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அது இருமுனைக் கோளாறாக இருந்தால் இந்த மாத்திரை தனியாகக் கொடுக்கத் தக்கதல்ல.

"ஆயுசுக்கும் விட முடியாதா?" முடியும். குணமான பிறகு குறைந்தது ஆறு மாதம், பல சமயம் ஒரு வருடம் தொடர்ந்துவிட்டு மெல்ல இறக்குவார்கள். இந்த மாத்திரை ஏங்க வைக்காது, அளவைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லாது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் உடம்பு முரண்டு பிடிக்கும். என் எடைக்கல்லில் இது தோற்பது வேறு இடத்தில்: மாத்திரை மட்டும் சாப்பிட்டு, பயத்தைப் பற்றி எதுவும் கற்றுக்கொள்ளாமல் நிறுத்தினால், கணிசமானவர்களுக்குத் தாக்குதல் திரும்பி வருகிறது.

வென்லாஃபாக்சின், டுலோக்ஸெடின் இதன் பெரியப்பா மக்கள். கூடுதலாக ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வென்லாஃபாக்சினை நிறுத்துவது சற்றுக் கடினம்.

## அல்பிரசோலாம், குளோனசெபாம் வகையறா

பென்சோடயசெபின் என்பது குடும்பப் பெயர், சுருக்கமாக பென்சோ. 1960ல் முதலாவது சந்தைக்கு வந்தது, 1963ல் டயசெபாம் வந்தது. அன்றிலிருந்து உலகம் இதை விடவில்லை. காரணம் எளிது: அரை மணியில் கேட்கும்.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். பேனிக் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டு, இருபது முப்பது நிமிடத்தில் தானாகவே இறங்கிவிடும். தாக்குதல் தொடங்கியதும் நாம் பதறி, பையைத் துழாவி, தண்ணீர் தேடி, மாத்திரையை விழுங்குகிறோம். அது ரத்தத்தில் ஏறி வேலை செய்யத் தொடங்கும்போது அலை தானாகவே வடிந்துகொண்டிருக்கும். பெயர் மட்டும் மாத்திரைக்கு. "இது இல்லாவிட்டால் போயிருப்பேன்" என்று மூளை எழுதிவைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அட்டை பையில் இல்லை என்பதே தாக்குதலைக் கிளப்பப் போதுமானதாகிவிடுகிறது. கடைசியில் இரண்டு மாத்திரை மிஞ்சிய கிழிந்த அட்டையைத் தாயத்து போல ஒரு வருடம் சுமந்தவன் நான்; அதன் காலாவதித் தேதி எப்போதோ தாண்டியிருந்தது.

சில வாரங்கள் தினமும் சாப்பிட்டாலே உடல் இதற்குப் பழகத் தொடங்கலாம். அதே பலனுக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். நீண்ட நாள் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கிப் போடாதீர்கள், தயவுசெய்து. மது, மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகளோடு சேர்ந்தால் மூச்சு அடங்கும். வயதானவர்கள் தடுமாறி விழுவார்கள், ஞாபகம் மங்கும். வண்டி ஓட்டுவது எல்லோருக்குமே ஆபத்து. பழக்கமாகும் ஆபத்துக்காக 2020ல் அமெரிக்க அமைப்பு எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. பிரிட்டனில் மருத்துவர்களுக்கு வழிகாட்டும் அரசு அமைப்பான நைஸின் வழிகாட்டுதல் பேனிக் நோய்க்கு இவற்றைத் தர வேண்டாம் என்றே சொல்கிறது.

அப்படியானால் எதற்குமே உதவாதா? உதவும். எஸ்எஸ்ஆர்ஐ வேலை செய்யத் தொடங்கும் வரையிலான மோசமான இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு பாலமாக, முடிவுத் தேதி குறித்து, சில மருத்துவர்கள் தருகிறார்கள். எப்போதோ ஒருமுறை எடுக்க வேண்டிய எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு முன்னாலும் தருவார்கள். முடிவுத் தேதி இல்லாமல் எழுதப்பட்டிருந்தால் அந்தத் தேதியைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

## மற்ற மருந்துகள்

ப்ரோப்ரனோலால் மேடைக்காரர்களின் மருந்து. இதயத்தின் ஓட்டத்தையும் கை நடுக்கத்தையும் பிடித்துவைக்கும். தேர்வு, பாட்டு, பேச்சு போன்ற ஒரு நாள் விவகாரத்துக்குப் பொருந்தும். பேனிக் நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஆஸ்துமா இருந்தால் கூடாது.

பஸ்பிரோன் பழக்கமாகாது, ஓயாத கவலைக்கு உதவும், பேனிக்குக்கு உதவாது. ஹைட்ராக்சிசின் ஒவ்வாமை மாத்திரையின் உறவு, தூங்க வைக்கும். ப்ரிகாபலின் சில நாடுகளில் கவலை நோய்க்குத் தரப்படுகிறது. எடை கூடும், தலை சுற்றும், இதுவும் பழக்கமாகக்கூடியது. "இயற்கையானது" என்று விற்கப்படும் மூலிகைகளில் காவா கல்லீரலைக் கெடுத்திருக்கிறது. எதை எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

## சிபிடி என்ற பயிற்சி

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பது முழுப்பெயர். பேச்சு சிகிச்சை என்று சொல்லிச் சொல்லி, சாய்ந்து உட்கார்ந்து குழந்தைப் பருவத்தைப் பற்றி அழுவது என்று பலர் நினைத்துவிட்டார்கள். பேனிக்குக்கான சிபிடி கிட்டத்தட்ட உடற்பயிற்சி வகுப்பு.

அதன் அடிப்படை இது. நெஞ்சு சற்று வேகமாக அடிக்கிறது. "மாரடைப்பு" என்று மனம் மொழிபெயர்க்கிறது. பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. "பார், சொன்னேனே!" இந்தச் சுழலை 1986ல் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் தெளிவாக வரைந்து காட்டினார். சுழலை வெட்டும் இடம் நெஞ்சு இல்லை, அந்த மொழிபெயர்ப்பு.

ஆகவே பயிற்சியில் நீங்கள் பயப்படும் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். சுழலும் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றினால் கிறுகிறுப்பு. மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விட்டால் மூச்சு முட்டல். வேக வேகமாக மூச்சு வாங்கினால் விரல் மரத்துப்போகும், ஏனென்றால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. என் விரல் மரத்துப்போனது பக்கவாதத்தின் அறிகுறி என்று இரண்டு வருடம் நம்பியிருந்தேன். நாற்பது நொடி மூச்சு வாங்கி அதே மரப்பை நானே உண்டாக்கியபோது கோபம்தான் வந்தது: இதற்காகவா இத்தனை பயணங்களை ரத்து செய்தேன்! (இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருந்தால் இந்தப் பயிற்சிகளை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.)

வழக்கமாகப் பன்னிரண்டு அமர்வு, சில நேரம் கூடுதலாகவும். பலன் சில வாரங்களில் தெரியத் தொடங்கும். என் முதல் எடைக்கல்லில் இதுதான் ஜெயிக்கிறது. டேவிட் பார்லோ என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு 2000ல் வெளியிட்ட ஆய்வில் 312 பேனிக் நோயாளிகள் சிபிடி, இமிப்ரமின், இரண்டும் சேர்த்து என்று பிரிக்கப்பட்டார்கள். சிகிச்சை நடந்தபோது சேர்த்து எடுத்தவர்கள் சற்று முன்னால் இருந்தார்கள். எல்லாவற்றையும் நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மருந்தில்லாமல் சிபிடி எடுத்தவர்களிடம்தான் பலன் அதிகம் நிலைத்திருந்தது. மாத்திரையோடு கற்றால் "நான் தாங்கினேன்" என்பதற்குப் பதில் "மாத்திரை தாங்கியது" என்று மனம் கற்றுக்கொள்கிறதோ என்பது ஒரு விளக்கம். அந்த ஆய்வில் கொடுத்த இமிப்ரமின் எஸ்எஸ்ஆர்ஐக்கு முந்தைய தலைமுறை மருந்து என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதன் மறைவான விலை ஆளைத் தேடுவது. சிபிடி என்று பலகை மாட்டிக்கொண்டு ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. நான் முதலில் போன ஒருவர் எட்டு அமர்வுகள் தலையாட்டிக் கேட்டார். இதமாகத்தான் இருந்தது, தாக்குதல் ஒன்றும் குறையவில்லை. முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: "நான் பயப்படும் உணர்வுகளை வரவழைக்கும் பயிற்சி கொடுப்பீர்களா? வீட்டுப்பாடம் உண்டா?" இரண்டுக்கும் இழுவையாகப் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். இன்னொரு விலை: ஆரம்ப வாரங்களில் இதிலும் பதற்றம் கூடும். மாத்திரையைப் போலவே பாதியில் ஓடிப்போகிறவர்கள் இங்கும் உண்டு.

## தியானம், ஓட்டம், காபி

இவற்றை ஓரமாகத் தள்ளுவது வழக்கம். 2022ல் வெளியான ஓர் ஆய்வில் பதற்ற நோய் உள்ள 276 பேரில் ஒரு பகுதியினருக்கு எசிடலோப்ராம், மற்றவர்களுக்கு எட்டு வார மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ் தியானம்). முடிவில் பயிற்சி மாத்திரைக்குச் சளைக்கவில்லை. பொடி எழுத்தையும் படியுங்கள்: வாரம் இரண்டரை மணி நேர வகுப்பு, தினமும் 45 நிமிடம் வீட்டில். செல்பேசியில் ஐந்து நிமிடம் கண்மூடுவதற்கு இந்தப் பலனை எழுத முடியாது.

ஓட்டப் பயிற்சி பேனிக்கில் வெறும் மாத்திரையை, அதாவது மருந்தில்லாப் போலி மாத்திரையை, வென்றிருக்கிறது. ஆனால் அதே 1998ஆம் ஆண்டு ஆய்வில் க்ளோமிப்ரமின் மருந்து அதைவிட வேகமாகவும் கூடுதலாகவும் வேலை செய்தது. ஓடும்போது நெஞ்சு அடிப்பதும் வியர்ப்பதும் ஒரு வகையில் சிபிடி வீட்டுப்பாடம்தான்.

காபி விஷயம் சுருக்கம். பேனிக் உள்ளவர்களுக்கு காஃபீன் தாக்குதலைத் தூண்டும். இரண்டு வாரம் குறைத்துப் பாருங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும்.

| | பலன் தெரிய | நிறுத்திய பின் | பொருந்தாத இடம் |
|---|---|---|---|
| எஸ்எஸ்ஆர்ஐ | 2–6 வாரம் | திரும்பி வரலாம் | இருமுனைக் கோளாறு (தனியாக) |
| பென்சோ | அரை மணி | முன்னைவிட மோசமாகலாம் | மதுப் பழக்கம், முதுமை |
| ப்ரோப்ரனோலால் | ஒரு மணி | அந்த நாளோடு சரி | ஆஸ்துமா, பேனிக் நோய் |
| சிபிடி | சில வாரம் | நன்றாக நிலைக்கும் | உழைக்கவே முடியாத நிலை |
| மனக்கவனப் பயிற்சி | 8 வாரம் | தொடர்ந்தால் உண்டு | நேரம் இல்லாதவர்கள் |

## நான் எப்படிப் பிரிப்பேன்

மாதம் சில தாக்குதல்கள், வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள், நல்ல பயிற்சியாளர் கிடைக்கிறார் என்றால் சிபிடியில் தொடங்குவேன். மாத்திரையைக் கையிருப்பாக மனதில் வைத்துக்கொள்வேன்.

வீட்டை விட்டு வெளியேற முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, கூடவே மனச்சோர்வும் இருக்கிறது என்றால் எஸ்எஸ்ஆர்ஐயை ஒத்திப்போட மாட்டேன். மூன்று மாதத்தில் தலை தூக்க முடிந்ததும் பயிற்சியைச் சேர்ப்பேன். நான் போன வழி இதுதான். "மாத்திரை இல்லாமல் வெல்ல வேண்டும்" என்ற வீம்பில் ஒரு வருடத்தை வீணாக்கிய பிறகு போனேன்.

பயிற்சியாளரே கிடைக்காத இடத்தில் இருக்கிறீர்கள் என்றால் எஸ்எஸ்ஆர்ஐயோடு, சிபிடி முறையில் எழுதப்பட்ட பயிற்சிப் புத்தகம் அல்லது வழிகாட்டி ஒருவர் உள்ள இணையப் பயிற்சி. கர்ப்பமாக இருந்தாலோ பாலூட்டினாலோ பயந்துபோய் மாத்திரையை நீங்களே நிறுத்த வேண்டாம். மருத்துவரோடு உட்கார்ந்து இரு பக்கமும் எடை போட வேண்டிய விஷயம் அது. ஏற்கெனவே தினமும் பென்சோ எடுக்கிறவர்களுக்கு முதல் வேலை புதிய சிகிச்சை தேடுவது இல்லை; மருத்துவர் மேற்பார்வையில், மாதக்கணக்கில் ஆனாலும் சரி, மெல்ல மெல்ல இறக்கும் அட்டவணை ஒன்று போடுவது.

## நிறுத்தும் வாரங்கள்

எஸ்எஸ்ஆர்ஐ குறைக்கும்போது பலரும் குழம்பும் இடம் ஒன்று. மாத்திரையைக் குறைத்த மூன்றாம் நாள் தலை சுற்றுகிறது, தலைக்குள் மின்சாரம் சுருக்கென்று ஓடியது போல இருக்கிறது, கண்ணை அசைத்தால் கூடுகிறது, எரிச்சல் வருகிறது. "நோய் திரும்பிவிட்டது, எனக்கு இது ஆயுள் தண்டனைதான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நோய் திரும்புவது பொதுவாக அவ்வளவு வேகமாக வராது. வாரங்கள், மாதங்கள் கழித்து, பழைய பயங்களின் அதே முகத்தோடு மெல்ல வரும். மின்சாரச் சுருக்கு பேனிக்கின் குணமே இல்லை. அது மருந்து குறைந்ததற்கு உடம்பு காட்டும் எதிர்வினை. முந்தைய அளவுக்குத் திரும்பினால் சில நாளில் அடங்கும், பிறகு இன்னும் சிறிய படிகளாக இறக்கலாம். கடைசிப் படிகள்தான் கடினம். பாதியிலிருந்து பூஜ்யத்துக்குத் தாவாமல், காலாகப் பிட்டும் சொட்டு மருந்தாகவும் இறக்கியவர்கள் உண்டு.

தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: என்று குறைத்தேன், என்ன அளவு, என்ன வந்தது, எந்த நாள் போனது. அடுத்த முறை மருத்துவர் "எப்படி இருக்கிறது?" என்று கேட்கும்போது அந்த நோட்டை நீட்டுங்கள்.